எல்டர் தாடிக்கு ஒரு வேளைச் சாப்பாடு

டீயும் கூடாது, காபியும் கூடாது என்றால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்னத்தைத்தான் கொடுப்பது என்று பஞ்சநாதனுக்குப் புரியவில்லை.

"அப்ப பச்சத் தண்ணியா?" என்று போனில் கேட்டார்.

"ஜூஸ் குடுங்க. மோர் குடுங்க. அந்த டீத்தூள் டப்பாவைக் கொஞ்சம் உள்ள எடுத்து வைங்க" என்றாள் மலர்கொடி. அவள் குரலுக்குப் பின்னால் திண்டிவனம் ஆஸ்பத்திரி வார்டே இரைந்துகொண்டிருந்தது.

"டீத்தூளைக் கண்ணால பாத்தாக்கூடப் பாவமா?"

"பாவம்லாம் இல்ல. குடிக்க மாட்டாங்க, அவ்ளோதான். நம்ம சித்து குடிக்கிறானா?"

மகன் சித்துவின் பேர் வந்ததும் பஞ்சநாதன் பேச்சைத் திருப்பினார். "கொழந்த பால் குடிக்குதா?"

"குடிக்குது, குடிக்குது. நீங்க சாப்புட்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்றார். மகள் சத்யப்ரியாவின் பிரசவத்துக்கு மலர்கொடி கிளம்பிப் போனதிலிருந்து அவர் சாப்பிட்டதெல்லாம் சின்னப்பாப்பாவின் டீக்கடை பன்னும் டீயும்தான். அதைப் போனில் சொல்ல முடியுமா?

"மதியம் சபையிலேர்ந்து எல்டர்ங்க ரெண்டு பேரு வருவாங்க. நல்லா பாத்துக்குங்க. அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. உங்க வழக்கம் மாதிரி குறுக்கக் குறுக்கப் பேசாதீங்க."

"அவங்க பைபிளைத் தொறப்பாங்க, நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணுமா?"

"யோவ், இருவத்தாறு வருசமா என்னாலயே உன்ன மாத்த முடியல. வர்றவங்களாலயா முடியும்? வெக்கிறேன், நர்ஸ் வருது."

மரக்காணத்து உப்பளத்தில் பஞ்சநாதன் மேஸ்திரி. பாத்திகள் முடிகிற இடத்தில் வீடு. முன்வாசலில் நின்றால் வெள்ளை வெளேரென்று உப்பு. பின்வாசலில் நின்றால் மோட்டார் கொட்டகை. மகன் சித்தார்த்தன் புதுச்சேரியில் காலேஜ் படிக்கப் போன இடத்தில் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைக்குப் போக ஆரம்பித்தான். ஊரில் அதை மார்மன் சபை என்பார்கள். பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான். பஞ்சநாதன் தடுக்கவில்லை. அவர் பாட்டுக்கு ஆடிக் கிருத்திகைக்கு மயிலம் முருகன் கோயில் போய் வந்தார், அவர்கள் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ் ஏறினார்கள்.

தகராறு வந்தது வேறு விஷயத்தில். டிகிரி முடித்த கையோடு, "அப்பா, ரெண்டு வருசம் மிஷன் போறேன்" என்று வந்து நின்றான் மகன்.

"சம்பளம்?"

"கெடையாதுப்பா. சேவை."

"எந்த ஊரு?"

"எங்க அனுப்புறாங்களோ அங்க."

ஆந்திராவுக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ் போட்டுக்கொண்டு பையன் ரயிலேறினான். அன்றோடு பஞ்சநாதன் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் தவறாமல் அவன் வீட்டுக்குப் போன் செய்வான். போன் மணி அடித்ததும் இவர், "மோட்டார் ஒரு மாதிரி சத்தம் குடுக்குது" என்று பின்பக்கம் போய்விடுவார். மோட்டார் கொட்டகை சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. மலர்கொடி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மகன் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த மோட்டாரில் ஏதாவது ஒரு கோளாறு இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது புதுச்சேரியிலிருந்து அதே மாதிரி இரண்டு பையன்கள் வருகிறார்கள். வராதே என்று சொல்லலாம். ஆனால் பஞ்சநாதன் வீட்டுக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு திரும்பினான் என்ற பேச்சு இதுவரை உப்பளத்தில் வந்ததில்லை. அது இன்றைக்கு வந்துவிடக் கூடாது. தானே சமைப்பது என்று முடிவு செய்தார்.

கழுவெளி ஏரியில் பிடித்த மடவை மீன் கிடைத்தது. மீன்காரம்மா கழுவித் தருகிறேன் என்றதற்கு, "எனக்குத் தெரியாதா?" என்று வீறாப்பாக வாங்கிவந்தார். செதில் எடுத்து முடிப்பதற்குள் அவர் முடியிலெல்லாம் செதில் மின்னியது. யூட்யூபில் ஒரு அம்மா சொல்லச் சொல்லப் புளி கரைத்தார், வெங்காயம் வதக்கினார். "தேவையான அளவு உப்பு" என்றாள் அந்த அம்மா. வாழ்நாள் முழுக்க உப்பை லோடு கணக்கில் பார்த்த மனிதருக்கு அது ஒரு அளவாகவே படவில்லை. வாசலில் குவித்திருந்த கல்லுப்பில் ஒரு கை அள்ளிப் போட்டார். கொஞ்சம்தானே இருக்கிறது என்று இன்னொரு கையும் போட்டார்.

கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

உப்புக் கரித்தால் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றினார். குழம்பு ரசமானது. ரசத்தைக் கெட்டியாக்க மிளகாய்த்தூள் போட்டார். காரம் உச்சியில் ஏறியது. காரத்துக்கு இன்னும் கொஞ்சம் புளி. சட்டி விளிம்பு வரை வந்துவிட்டதால் பெரிய சட்டிக்கு மாற்றினார். மாற்றும்போது மீனெல்லாம் உடைந்துபோய், முள் வேறு சதை வேறாக மிதந்தது.

போகட்டும், குடிக்கவாவது நல்லதாக ஏதாவது கொடுப்போம் என்று அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். சின்னப்பாப்பா கடையில் டீயும் பன்னும் தவிர எதுவும் கிடையாது. கடைத்தெருவுக்கே போய் பன்னீர் சோடா நான்கு பாட்டில் வாங்கிக்கொண்டு, குறுக்கு வழியாக வரப்பு மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார்.

வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் இரண்டு பையன்கள் குந்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக் கை முழங்கைக்கு மேல் மடித்திருந்தது. டை தோளில் கிடந்தது. மூன்று நாளைக்கு முன் மலர்கொடி அவசரத்தில் போட்டுவிட்டுப் போன எச்சில் பாத்திரங்களை ஒருவன் தேய்க்க, இன்னொருவன் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயய்யோ! ஏம்பா, இன்னா வேல பண்றீங்க?" பஞ்சநாதன் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் விட்டார். அது சோடா பாட்டிலோடு சாய்ந்தது. இரண்டு உடைந்தன.

"வணக்கம் அங்கிள். கதவு தெறந்து இருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தோம்" என்று எழுந்தான் உயரமானவன். "நான் எல்டர் ஆரோக்கியராஜ். திருச்சிப் பக்கம்."

எல்டர் என்றால் பெரியவர் என்று மலர்கொடி சொல்லியிருந்தாள். பெரியவருக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

"தம்பி பேரு?"

குள்ளமாகக் கொழுகொழுவென்று இருந்தவன் சோப்புக் கையோடு கும்பிட்டான். "எல்டர் தாடி."

பஞ்சநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். முகம் வழுவழுவென்று இருந்தது. "எங்க?"

"அது எங்க இன்ட்டி பேரு அங்கிள். வீட்டுப் பேரு. நாக்கு... எனக்கு தமிழ் கொஞ்சம்தான் வரும்."

"நாக்குல வந்தா போதும்ப்பா. எழுந்திரு மொதல்ல."

"பரவால்ல அங்கிள், இன்னும் ரெண்டு தட்டுதான். நாங்க இன்னைக்கு எதுக்கு வந்தோம்னா..." என்று ஆரம்பித்தான் ஆரோக்கியராஜ்.

"தெரியும் தம்பி. மலர் சொல்லிட்டா. அதெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"இல்ல அங்கிள், சாப்பாட்டுக்கு முன்னாடி சொன்னாத்தான்..."

"வயித்தைக் காயப்போட்டுட்டுக் கடவுளைப் பத்தி கேக்க முடியாதுப்பா. வாங்க, ஃபேன் கீழ ஒக்காருங்க."

இருவரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மிச்சமிருந்த சோடா இரண்டையும் உடைத்துக் கொடுத்தார். நல்லவேளை, சோடாவுக்குத் தடையில்லை. உள்ளே போய் அரிசி களைந்து குக்கரில் வைத்தார். எட்டிப் பார்த்தால் தாடி விளக்குமாற்றை எடுத்துத் குழாயடியில் சிதறிய கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டுத் திரும்பினால், ஆரோக்கியராஜ் சமையலறைக்குள் நின்று குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ கவலை தெரிந்தது.

"அங்கிள், நான் வேணா இதைக் கொஞ்சம்..."

"இன்னா கொஞ்சம்? விருந்தாளி அடுப்பாண்ட வரக் கூடாது. போ தம்பி."

"எனக்கு நல்லா சமைக்க வரும் அங்கிள்."

"வரட்டும். ஊருக்குப் போயி சமையி. இங்க நான் இருக்கேன்."

இவர்கள் வீட்டுக்குள் இருந்தால் கை சும்மா இருக்காது என்று தெரிந்துபோயிற்று. "தம்பி, நீ போயி உப்பளத்தைச் சுத்திப் பாரு. தாடி, நீ இங்கயே இரு, ஒன் கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்தியிருக்கான்னு பாக்கணும்."

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ஒருத்தன்தான் போவச் சொன்னேன்."

"நாங்க ரெண்டு பேரும் பிரியக் கூடாது அங்கிள். மிஷன் முடியுற வரைக்கும் கம்பானியன் கண்ணு பார்வையிலயே இருக்கணும். ரூல்."

"ரெண்டு வருசமும் இவன் மூஞ்சையே பாத்துக்கிட்டா?"

"நடுவுல ஆளை மாத்துவாங்க அங்கிள்" என்றான் தாடி ஆறுதலாக.

"அப்ப ரெண்டு பேருமே போங்க. சும்மா நின்னு பாத்துட்டு வரணும். எதையும் தொடக் கூடாது."

போனார்கள். பஞ்சநாதன் பெருமூச்சு விட்டார். கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. உப்பு சுமக்கும் வைஜெயந்தி வரப்பு மேல் ஓடிவந்தாள்.

"மேஸ்திரி! ஒங்க வீட்டு விருந்தாளிங்க ரெண்டு பேரும் டையோட உப்பு வார்றாங்க!"

"எதோட?"

"டையோட! வந்து பாருங்க, எங்களுக்குச் சிரிப்பத் தாங்க முடியல. அந்தக் குண்டுப் புள்ள தன் தலையில உப்பு அன்னக்கூடைய வேற ஏத்திக்கிட்டான்."

விருந்துக்கு வந்தவர்களிடம் கூலி வேலை வாங்கிய மேஸ்திரி என்று மரக்காணம் முழுக்க நாறப்போகிறது. பஞ்சநாதன் அடுப்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அங்கே நடந்தது வைஜெயந்தி சொன்னதைவிட மோசம். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஆரோக்கியராஜ் பாத்திக்குள் இறங்கி, நீளக் கழி மாட்டிய பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். இழுக்கத் தெரியாமல் உப்போடு சேற்றையும் சேர்த்து இழுத்தான். தாடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் கூடை ஒருபக்கம், அவன் ஒருபக்கம். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"யார்றா அது அவனுக்குக் கூடையைக் குடுத்தது?" என்று கத்திக்கொண்டே வந்தார் பஞ்சநாதன்.

"யாரும் குடுக்கல மேஸ்திரி. 'ஹெல்ப் பண்றோம் அக்கா'ன்னு புடுங்கிக்கிட்டாங்க. கெட்ட புள்ளைங்களா இருந்தா தொரத்தலாம். நல்ல புள்ளைங்கள இன்னா பண்றது?" என்றாள் வைஜெயந்தி.

உப்புத் தண்ணீர் பட்டுத் தாடியின் குதிகால் சிவந்து வெடித்திருந்தது. பஞ்சநாதன் தன் செருப்பைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டார். வெறுங்காலோடு முன்னே நடந்தார்.

"ஏம்பா, இன்னைக்குத் திங்கக்கெழம. ஒங்களுக்கு லீவு நாளாச்சே. துணி தொவைக்கிறது, வீட்டுக்குப் போன் பண்றது எல்லாம் இன்னைக்குத்தான்னு மலர் சொல்லுவா. லீவை வுட்டுட்டு எதுக்கு வந்து இப்பிடி அவதிப்படுறீங்க?"

"அதைத்தான் அங்கிள் வந்ததுலேர்ந்து சொல்ல வர்றோம்" என்றான் ஆரோக்கியராஜ் ஆவலாக. "நாங்க வந்தது..."

"தெரியும், தெரியும். சாப்பாட்டுக்கு அப்புறம்."

பிறகு தாடி மெதுவாகச் சொன்னான். "அங்கிள், எங்க ஊரு காக்கிநாடா பக்கம். எல்டர் சித்தார்த்தன் இப்ப எங்க ஊர்லதான் இருக்காரு."

பஞ்சநாதன் திரும்பி அவனைப் பார்த்தார்.

"எங்க அம்மாதான் அவருக்கும் அவர் கம்பானியனுக்கும் சாப்பாடு போடுவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ."

"போடுறாங்களா?" பஞ்சநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இன்னா சாப்புடுவான்?"

"கோங்கூரா ரொம்ப பிடிக்கும். மூணு வாட்டி போட்டுக்குவாரு."

"அது இன்னா?"

"புளிச்சக்கீரை அங்கிள்."

"கீரையா? அவனா? வீட்டுல கீரைன்னு வாசம் அடிச்சாலே தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து ஓடுவானே!"

"எங்க அம்மா ஓட வுட மாட்டாங்க."

பஞ்சநாதன் கானல் ஆடிக்கொண்டிருந்த உப்புவெளியைப் பார்த்தபடி நடந்தார். எங்கேயோ காக்கிநாடாவில், முகம் தெரியாத ஒரு பொம்பளை தன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கீரை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறாள். அவள் பெற்ற பிள்ளை இங்கே வந்து, செருப்புத் தேய நடந்து, பாத்திரம் தேய்த்து, உப்புச் சுமந்து, இன்னும் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. இவனுக்கு ஒரு வேளை ஒழுங்காகப் போடாவிட்டால் தான் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்.

மூவரும் ஓடினார்கள். குழம்பு அடிப்பிடித்துக் கறுத்து, இருந்ததில் பாதியாகச் சுண்டியிருந்தது. தண்ணீர் போய்விட்டது, உப்பு மட்டும் போகவில்லை. குக்கர் எத்தனை விசில் விட்டதோ தெரியவில்லை. சோறு பசையாகிக் கரண்டியோடு எழுந்து வந்தது.

"நான் போயி பிரியாணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று வண்டிக்குப் பாய்ந்தார். விழுந்த வண்டியிலிருந்து பெட்ரோல் ஒழுகி மண் குடித்திருந்தது. உதைத்தார், உதைத்தார். வண்டி இருமிவிட்டு நின்றது. பக்கத்தில் வீடு என்று எதுவும் இல்லை. உப்புக் குவியல்கள்தான் இருந்தன.

"அங்கிள், இதுவே போதும்" என்றான் தாடி. ஆரோக்கியராஜ் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

தட்டு வைத்தார்கள். சாப்பிடும் முன் தாடி கண்ணை மூடித் தெலுங்கில் ஜெபம் செய்தான். ஜெபம் கொஞ்சம் நீளமாகவே போயிற்று. குழம்பைப் பார்த்தபோது பஞ்சநாதனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜெபத்தின் நடுவே தன் பேரும் சித்தார்த்தன் பேரும் வந்ததைக் கேட்டு அவரும் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத் தெரிந்த முருகனை ஒருதரம் நினைத்துக்கொண்டார்.

பையன்கள் சாப்பிட்டார்கள். முகம் சுளிக்கவில்லை. ஆரோக்கியராஜ் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். தாடி கண்ணில் நீர் வழிய வழிய இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொண்டான். பஞ்சநாதனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தானும் ஒரு வாய் வைத்தார். வைத்த வேகத்தில் பின்வாசலுக்கு ஓடினார்.

திரும்பி வந்தவர் கேட்டார். "ஏம்பா, பொய் சொல்லக் கூடாதுன்னு ஒங்க புக்குல இல்லயா?"

"நாங்க எதுவும் சொல்லலையே அங்கிள்" என்றான் ஆரோக்கியராஜ். "வாயைத் தெறந்தாத்தான?"

முதலில் சிரித்தது பஞ்சநாதன்தான். பிறகு மூவரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். கடைசியில் தயிரும் ஊறுகாயும் எடுத்துவந்து, பசைச் சோற்றைப் பிசைந்து அவரே உருண்டை உருட்டி இருவர் கையிலும் போட்டார். அது நன்றாகவே இருந்தது. உப்பு மட்டும் போடவேண்டியிருந்தது. அதை ஆரோக்கியராஜ் போட்டான்.

கை கழுவியதும் பஞ்சநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாப்பாடு ஆச்சு. சொன்ன சொல்லு சொல்லுதான். இப்ப ஆரம்பிங்க. நடுவுல ஒரு வார்த்த பேச மாட்டேன்."

ஆரோக்கியராஜ் குழம்புச் சட்டியைப் பார்த்தான், தாடியைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல அங்கிள். இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது?"

இவ்வளவு சீக்கிரம் தன்னைக் கைவிட்டுவிட்டார்களே என்று பஞ்சநாதனுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் தாடியின் போன் அடித்தது. வீடியோவில் ஒரு அம்மா. பெரிய மூக்குத்தி, தாடியின் அதே கன்னம். தெலுங்கில் படபடவென்று பேசினாள். தாடி போனைத் திருப்பி, "அம்மா, வீரு சித்தார்த்தன் நான்னகாரு" என்று, சித்தார்த்தனின் அப்பா என அவரைக் காட்டினான். அவள் கைகூப்பினாள். பஞ்சநாதனும் எழுந்து கைகூப்பினார். "கீரை... ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அவள் கலகலவென்று சிரித்துவிட்டுப் போனைப் பக்கத்தில் யாரிடமோ நீட்டினாள்.

திரையில் சித்தார்த்தன். கன்னம் உப்பியிருந்தது. கையில் சோற்றுப் பருக்கை.

"அப்பா?"

பஞ்சநாதனின் கால் தானாகப் பின்வாசல் பக்கம் நகர்ந்தது. மோட்டார் என்று வாய் வரை வந்தது. ஆனால் தாடி போனை அவர் கையில் வைத்துவிட்டிருந்தான், அதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்டுறேன்ப்பா." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நீ?"

"சாப்ட்டேன்."

"எப்பிடி இருந்துச்சுப்பா?"

"மீன் கொழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். மொதத் தடவைதான, போவப்போவ சரியாயிடும்."

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"நீயா?" சித்தார்த்தன் வாயைப் பிளந்தான். அப்படியே சிக்னல் போய், பிளந்த வாயோடு திரையில் நின்றுவிட்டான்.

பஞ்சநாதன் போனைக் கொடுக்கவில்லை. அசையாமல் நின்ற மகனின் முகத்தைப் பார்த்து, "மோட்டார் இப்ப நல்லா ஓடுது. இனிமே திங்கக்கெழம நான் உள்ளதான் இருப்பேன்" என்றார். ஆரோக்கியராஜும் தாடியும் ஜன்னல் பக்கம் திரும்பி உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மூவரும் ஈ.சி.ஆர் சாலைக்கு நடந்தார்கள். தாடி தன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பஞ்சநாதனின் செருப்பிலேயே வந்தான். திருப்பிக் கொடுக்கப் பார்த்தபோது, "போட்டுக்கிட்டுப் போ. அம்மாகிட்ட சொல்லு, அடுத்த தடவ நல்லா பண்ணிப் போடுறேன்னு" என்றார். புதுச்சேரி பஸ் வந்தது. ஏறிய பையன்கள் ஜன்னல் வழியாகக் கைகாட்டினார்கள். பஸ் வளைவில் மறையும் வரை பஞ்சநாதன் வெறுங்காலோடு நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நேரே எதிர்ப்பக்கம் சின்னப்பாப்பா கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு ஆத்தா. காலையிலேர்ந்து வாயில படல."

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி தெளிவா இருக்குது?"

"புள்ளைங்க ரெண்டு பேரு வந்தாங்க இல்ல? என் மவன் மாதிரி ஊழியத்துக்குப் போன புள்ளைங்க. பாவம், வீட்டுச் சாப்பாடு இல்லாம அலையுதுங்க. இன்னைக்கு நானே என் கையால சமைச்சு, வயிறு நெறையப் போட்டு அனுப்பிட்டேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ சமைச்சியா? அட பாவி மனுசா! பஸ்ஸ வுட்டு எறங்கி எங்கிட்டதான வழி கேட்டாங்க. 'எங்கப்பா மூணு நாளா பன்னு தின்னுக்கிட்டுத்தான் கெடப்பாரு, அவருக்குச் சுடுதண்ணி வெக்கக்கூட வராது, போயி ஒரு வேளை சோறாக்கிப் போட்டுட்டு வாங்க'ன்னு அவங்கள அனுப்பி வெச்சதே ஒம்மவன்தானாமே!"